இரண்டும் இடது கால்

முதலில் சிரித்தது கிறிஸ்டினாதான். பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

ஷூ கம்பெனி கேன்டீனில் மதியச் சாப்பாட்டு நேரம். அவள் சூப்பர்வைசராக இருக்கும் தையல் லைனைச் சேர்ந்த இரமும் தபஸ்ஸுமும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். இரம் செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, "உங்க வீட்டுக்காரர் பாட்டு காலைலயே வந்துடுச்சுக்கா. நீங்க இன்னும் பாக்கலியா?" என்றாள்.

அவள் பார்த்திருக்கவில்லை. ஐசக் அவளிடம் காட்டவே இல்லை. 'உப்புத்தோல்' என்று பெயர் வைத்துக்கொண்டு அவனும் மூன்று நண்பர்களும் ஆறு வருடமாக ராக் பாட்டு பாடி வந்தார்கள். பாலாற்றைப் பற்றிப் பாடினார்கள், வேலைக்குப் போகும் பெண்களின் முதுகுவலியைப் பற்றிப் பாடினார்கள். ஒவ்வொன்றையும் முந்நூறு பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் அவர்கள் சர்ச் பாடகர் குழு. இந்தத் தடவை காமெடி என்று மட்டும் சொல்லியிருந்தான். மூடிக்கிடந்த ஒரு தோல் ஷெட்டில் மூன்று நாள் படப்பிடிப்பு. அந்த மூன்று நாளும் விடியற்காலையில் எழுந்து பத்துப் பேருக்குப் புளிசாதம் கிளறிக் கொடுத்தனுப்பியது கிறிஸ்டினா. கதை என்ன என்று கேட்டபோது, வந்ததும் பார்த்துச் சிரி என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான்.

அவளும் பார்த்துச் சிரித்தாள். பாட்டின் பெயர் 'நேரா நட மாமா'. ஒரு சர்ச் கல்யாணம். நண்பர்களில் தவ்ஃபீக், கவிழ்த்து வைத்த பிரியாணி அண்டாக்களின் மேல் டிரம்ஸ் வாசித்தான். தபரேஸ் கிடாரோடு தோல் பதப்படுத்தும் பெரிய மரப்பீப்பாய்க்குள் விழுந்தான். பீப்பாய் நாலு சுற்று சுற்றி நின்றதும் கோட்டும் டையுமாக வெளியே வந்தான். ஐசக்தான் மாப்பிள்ளை. அவன் பாட வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு ஆடு வந்து மைக்கைக் கவ்விக்கொண்டு ஓடியது. மூன்றாவது தடவை ஆட்டைத் துரத்திய ஐசக் கேக்கின் மேல் விழுந்தபோது கிறிஸ்டினாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அப்புறம் பெண்ணின் அப்பா வந்தார். நரைத்த மீசை ஒட்டி, தொளதொள கோட்டு போட்டு அந்த வேடத்தில் நடித்தவன் மூன்றாவது நண்பன் கோபி. வெள்ளைப் புடவை கட்டிய பெண்ணைக் கைப்பிடித்து அவர் நடக்கத் தொடங்கியதும் கேமரா மெதுவாகக் கீழே இறங்கி அவர் கால்களைக் காட்டியது.

பழுப்பு நிற ஷூ. இரண்டும் இடது கால்.

அவரால் நேராக நடக்க முடியவில்லை. இடது பக்கமாகவே போனார். நாற்காலி வரிசையைச் சாய்த்தார், விருந்தாளிகளைச் சுற்றினார், மாப்பிள்ளையைத் தாண்டி வாசல் வழியாக வெளியே போய் மறுவாசல் வழியாக உள்ளே வந்தார். பெண் தன் முழங்கையால் அவர் விலாவை அழுத்தி அழுத்தி நேராக்கப் பார்த்தாள். கடைசியில் பிரியாணி அண்டாவுக்குள் விழுந்து, தலையில் ஒரு எலும்புத் துண்டோடு எழுந்து, நெஞ்சில் கைவைத்துக் கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் கடிக்குது, அவ்ளோதான்."

தபஸ்ஸும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "இது எப்படிக்கா தோணிச்சு அவருக்கு? ரெண்டும் இடது காலாம்!"

கிறிஸ்டினா டிபன் பாக்ஸை மூடினாள். வயிறு சரியில்லை என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போய்க் கைகழுவும் தொட்டியின் குழாயைத் திறந்து விட்டு நின்றாள். கோபி கடைசியில் சொன்னவை அவளுக்கு மட்டும் சொல்லப்பட்ட வார்த்தைகள். இரண்டு வருடத்துக்கு முன், அவளுடைய கல்யாணத்தன்று, அவளுடைய அப்பா சொன்னவை.

அவள் அப்பா சாமுவேல் முப்பத்தோரு வருடம் ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை செய்தவர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்களுக்கு மாதிரி அனுப்பும்போது ஒரு காலுக்கு மட்டும்தான் செய்து அனுப்புவார்கள். அவர் கம்பெனியில் அது இடது கால். ஒற்றை ஷூவைப் பார்த்தே தோலும் தையலும் பிடித்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். ஆர்டர் வந்த பிறகுதான் உற்பத்திப் பிரிவில் ஜோடியாகச் செய்வார்கள். முப்பத்தோரு வருடம் சாமுவேல் செய்தது அத்தனையும் இடது கால் ஷூ. அவர் போட்டுக்கொண்டு நடந்தது ரப்பர் செருப்பு.

மகளின் கல்யாணத்துக்கு மட்டும் தானே ஒரு ஜோடி செய்து போட்டுக்கொள்வேன் என்று ஒரு வருடமாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பலகைபோல் விறைத்த நல்ல கன்றுத்தோலை எப்போதோ எடுத்து வைத்திருந்தார். ஷூவை மாட்டிச் செய்யும் கால் அச்சு இடது காலுக்கு அவரிடமே இருந்தது. வலது கால் அச்சு சாம்பிள் ரூமில் கிடையாது. உற்பத்திப் பிரிவில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நாற்பத்திரண்டாம் நம்பர் வலது அச்சைத் தருவதாகச் சொன்ன இன்சார்ஜ் வியாழன் என்றான், வெள்ளி என்றான், சனிக்கிழமை சொல்லாமல் சென்னைக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை கல்யாணம். ஒரு வருடமாகப் பெருமை பேசியவர் ஞாயிற்றுக்கிழமை கடையில் போய் ஷூ வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? கையில் இருந்த அச்சிலேயே இரண்டாவதையும் செய்துவிட்டார். கொஞ்சம் தட்டி விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

சர்ச் வாசலிலிருந்து பலிபீடம் வரை அவர் கையைப் பிடித்து நடந்தபோது அப்பா இடப்பக்கமாக இழுக்கிறார் என்று கிறிஸ்டினாவுக்குப் புரிந்தது. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைத்து முழங்கையால் அழுத்திக் கொடுத்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் அறையில் அவர் முகமெல்லாம் வியர்த்திருந்தது. என்னப்பா என்று கேட்டதற்கு அதைச் சொன்னார், ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் கடிக்குது என்று. அவள் குனிந்து பார்த்தாள். அவர் சட்டென்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்டகூட" என்றார். சொல்ல மாட்டேன் என்றாள். அந்த ஷூவோடு அவர் சாயங்காலம் வரை பந்தியில் நின்று பரிமாறினார். வலது கட்டைவிரல் நகம் கறுத்து, பத்து நாளில் விழுந்துவிட்டது.

கல்யாணமாகி மூன்றாவது மாதம், மின்சாரம் போன ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ரகசியம் சொல்லிக்கொள்ளலாம் என்றான் ஐசக். டிப்ளமோ முடித்ததாக வீட்டில் சொன்ன பிறகும் இரண்டு பேப்பர் பாக்கி இருந்ததை அவன் சொன்னான். அவள் இதைச் சொன்னாள். அவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, உங்கப்பாவை இனிமேல் நான் வேறு மாதிரிதான் பார்ப்பேன் என்றான். இப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஷிப்ட் முடிந்ததும் கிறிஸ்டினா கம்பெனி பஸ்ஸில் தன் வீட்டுக்குப் போகாமல் விண்ணமங்கலத்தில் அப்பா வீட்டுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் ஒரே வேண்டுதல். அவர் அதைப் பார்த்திருக்கக் கூடாது. அவரிடம் இருப்பது பட்டன் போன், அம்மாவுக்கு வீடியோ பார்க்கத் தெரியாது, அதனால் பார்த்திருக்க மாட்டார்.

வாசலிலேயே அம்மா மரியம்மாள் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி இந்த நேரத்துல? மாப்ள பாட்டப் பாத்தியா? பக்கத்து வீட்டு நிஷா வந்து காட்டிட்டுப் போனா. எனக்கு இடுப்பே புடிச்சுக்கிச்சு. அந்த ஆடு மைக்கத் தூக்கிட்டு ஓடுது பாரு!"

"அப்பா பாத்தாராம்மா?"

"பாக்காம? ரெண்டு வாட்டி பாத்தாரு. உங்கப்பா அவ்ளோ சிரிச்சு நான் பாத்ததே இல்ல." அம்மா உள்ளே போய் டீக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த ஷூவைப் பற்றி அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

சாமுவேல் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடப் பையின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பிறகு தெருக்காரர்களுக்கு இப்படி ஏதாவது தைத்துக் கொடுப்பார். மகளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். நல்லாருக்குது பாட்டு, கோபி நல்லா நடிக்கிறான் என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஊசியைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா இருக்கும்வரை இருவராலும் எதுவும் பேச முடியவில்லை. டீயைக் குடித்தார்கள். ஆடு பற்றி அம்மா இன்னொரு தடவை சொன்னாள். கிறிஸ்டினா கிளம்புகிறேன் என்றதும் அப்பா பஸ் ஏற்றிவிடுவதாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். நெடுஞ்சாலையில் தோல் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவர்தான் ஆரம்பித்தார்.

"அந்த ஷூ நல்லா தெரிஞ்சுதா வீடியோவுல? இன்னும் கொஞ்சம் பாலிஷ் ஏத்தியிருக்கலாம்."

அவள் நின்றுவிட்டாள். "எந்த ஷூப்பா?"

"நான் செஞ்சு குடுத்த ஷூதான். மாப்ள வந்து கேட்டாருல்ல, மூணு வாரம் முன்னாடி. ரெண்டும் இடது காலா வேணும், நாப்பத்திரெண்டு சைஸ்னு." அவர் அவளைப் பார்த்தார். "கிறிஸ்டிதான் மாமா கேக்கச் சொன்னா, இந்தக் கதைய பாட்டுல வெக்கலாம்னு அவதான் சொன்னான்னு சொன்னாரு. நீதானே அனுப்புன?"

ஒரு பஸ் நிற்காமல் போனது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்பாவின் கண்ணில் அவளே அவரைப் பார்த்துச் சிரித்தவள் ஆகிவிடுவாள். இல்லை என்றால் ஐசக் அவர் வீட்டில் உட்கார்ந்து பொய் சொன்னவன் ஆகிவிடுவான். இவர் என்ன நினைத்துக்கொண்டு அந்த அச்சில் தோலை இழுத்து ஆணி அடித்திருப்பார்?

"நீங்க இன்னா நெனச்சீங்கப்பா?"

"இன்னா நெனைக்கிறது? சரி, நம்ம பொண்ணுக்கு அது இப்ப சிரிக்கிற விஷயமாய்டுச்சு போலருக்குதுன்னு நெனச்சேன். நாமளும் சிரிச்சிடலாம்னு இருந்தேன்."

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "சொன்னது நான்தாம்ப்பா. உங்களுக்குக் குடுத்த வாக்க மீறி அவர்கிட்ட சொன்னேன். அது என் தப்பு. ஆனா நான் அனுப்பல. எனக்கு இன்னிக்கு மத்தியானம் கேன்டீன்லதான் தெரியும்."

சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டார். அவர் நிம்மதி அடைவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு வயசு ஏறியது.

"நீ சிரிச்சேன்னே இருந்திருக்கலாம்" என்றார். "அது எனக்குத் தாங்கும். உன் பேர சொல்லி என்கிட்ட பொய் சொல்றவருகிட்டதான், அந்தக் காலோட நடந்து போய் உன்ன ஒப்படைச்சேனா?"

பஸ் வந்தது. ஏறும்போது, மாப்பிள்ளையிடம் எதுவும் கேட்காதே, வீட்டில் சண்டை வேண்டாம் என்று சொன்னார். அவள் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கேயே நின்றிருந்தார்.

ஆம்பூர் வீட்டில் முன்னறையெல்லாம் ஆட்கள். தபரேஸும் தவ்ஃபீக்கும் கோபியும் தரையில் உட்கார்ந்து ஒரு தாம்பாளத்தில் பிரியாணியைக் கொட்டி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று ஐசக் ஓடி வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்தான். வேலூரில் ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அவன் முகம் அவர்கள் முதன்முதலில் பாடகர் குழுவில் சந்தித்த நாளில் இருந்ததுபோல் இருந்தது. அந்த முகத்தைப் பார்க்க ஆறு வருடமாக அவளும் ஆசைப்பட்டிருக்கிறாள்.

"அண்ணி, எப்படி என் நடை?" என்றான் கோபி வாயில் சோற்றோடு.

நன்றாக இருந்தது என்றாள். பிறகு ஐசக்கை மாடிக்குக் கூப்பிட்டாள்.

அப்பா கேட்க வேண்டாம் என்றதை அவளால் கடைப்பிடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள், குரலை உயர்த்தாமல். ஐசக் முதலில் சிரித்து மழுப்பினான். யார் பேரும் போடவில்லையே என்றான், உங்கப்பா கதை என்று யாருக்குத் தெரியும் என்றான். எனக்குத் தெரியுமே என்றாள். பிறகு அவன் சிரிப்பு நின்றது. நாலு பேரும் உட்கார்ந்து யோசித்து யோசித்து ஒன்றும் வராமல் போன ஒரு நாளில் அது வாயில் வந்துவிட்டது, யாருடையது என்று அவர்களிடம்கூடச் சொல்லவில்லை, கேட்டதும் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஆறு வருடத்தில் யாரும் தன்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை என்றான்.

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா. அவர்கிட்ட ஏன் என் பேர சொன்ன?"

அவன் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உன் பேர சொன்னாதான் அவரு முடியாதுன்னு சொல்ல மாட்டாருன்னு தெரியும்."

இதையும் அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். தனக்காக அப்பா எதையும் மறுத்ததில்லை என்று எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்!

வீடியோவை நீக்கிவிடுகிறேன் என்று ஐசக் செல்போனை வெளியே எடுத்தான். அவள்தான் தடுத்தாள். நாளைக்கே ஏன் நீக்கினார்கள் என்று ஊர் கேட்கும், ஒருவன் ஒன்று சொல்வான், கடைசியில் அது சாமுவேல் வீட்டு வாசலில் போய் நிற்கும். இருக்கட்டும், ஓடட்டும். அப்பாவிடம் போய், அவள் அனுப்பவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று உன் வாயால் சொல் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போகிறேன் என்றான் அவன். போவான் என்றுதான் அவளுக்கும் பட்டது. அதனால் மனசு லேசாகவில்லை.

கீழே இறங்கியபோது நண்பர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். படப்பிடிப்புச் சாமான்கள் ஒரு சாக்கில் மூலையில் கிடந்தன. மேலே அந்த ஷூக்கள்.

"மூணு நாளும் இதோடதான் நடந்தேன் அண்ணி" என்றான் கோபி செருப்பை மாட்டியபடி. "கடிக்கவே இல்ல. ரெண்டும் இடது கால்னு சொன்னா நம்ப மாட்டீங்க."

"உன் கால் தோல் தடிப்புடா. எருமத் தோல்" என்றான் தபரேஸ். சிரித்துக்கொண்டே போனார்கள். ஐசக் அவர்களை வழியனுப்ப வாசலுக்குப் போனான்.

கிறிஸ்டினா ஷூக்களைச் சாக்கிலிருந்து எடுத்தாள். அப்பாவின் தையல். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று அவளால் விரலால் தடவியே சொல்ல முடியும். ஒன்றுக்குள் கையை விட்டாள். எல்லா ஷூவையும்போல் முன்பக்கம் விறைப்பாக இருந்தது. இன்னொன்றுக்குள் விட்டாள். விரல் நுனி ஓர் இடத்தில் அமிழ்ந்தது. வலது காலை அதற்குள் நுழைத்தால் கட்டைவிரல் போய் முட்டும் இடம். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் விறைப்புக்கு வைக்கும் கெட்டித் துணியை வெட்டி எடுத்திருந்தார். அதற்குப் பதிலாகக் குழந்தைகள் ஷூவுக்கு வைக்கிற மெல்லிய ஆட்டுத்தோலை உள்ளே ஒட்டி, ஓரம் உறுத்தாமல் சீவி, வெளியே தெரியாமல் தோலை இழுத்து ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார். கேமராவுக்கு அது தெரியாது. போடுகிறவனுக்கும் தெரியாது.

தன் நகம் விழுந்த இடத்தை நினைத்துக்கொண்டு, யாரோ ஒருவன் கால் வலிக்கக் கூடாது என்று செய்திருக்கிறார். மகள் தன்னைக் கேலி செய்யத்தான் கேட்டனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே செய்திருக்கிறார்.

அவள் கையை வெளியே எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அந்த நிமிடமே ஐசக்கைக் கூப்பிட்டு, இங்க பாரேன் என்று சொல்லிவிடுவது இரண்டு வருடமாக அவள் வழக்கம். அவன் கண் கலங்குவதைப் பார்த்த பிறகுதான் அது அவளுக்கே முழுசாகும்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு ஐசக் வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தான். அழுதிருந்தான். அவள் கையில் இருந்த ஷூவையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னா கிறிஸ்டி? உள்ள எதுனா இருக்கா?"

அவள் கையை வெளியே எடுத்தாள். ஷூக்களைத் தன் புடவைகள் இருக்கும் பீரோவின் அடித்தட்டில் வைத்து மூடினாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.